ஹபரணை அருகே கண் சொக்கினால் கண்ணாடியை இறக்கிப் பாட்டுப் போடுவது போதுமா?

போதாது, இரண்டும் சில நிமிடங்களுக்கே உதவும், வண்டியை நிறுத்தி உறங்குவதே வழி.

பகலில் ஐந்து மணித்தியாலம் தூங்கியும் கட்டுநாயக்க விமான நிலைய ஓட்டத்தில் அதிகாலை 3 மணியளவில் தலை சாய்கிறது என்கிறீர்கள். அதிகாலை 2 முதல் 6 மணிவரை உடற்கடிகாரமே உறக்கத்தைக் கோருவதாலும், பகலுறக்கம் இரவுறக்கத்துக்கு ஈடாகாததாலும் அது நேர்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால் வண்டி ஏறத்தாழ 67 மீற்றர் ஓடிவிடும். அந்த இடைவெளியில் பிரேக்கில் கால் படாது என்பதால் இத்தகைய விபத்துகள் உயிரைக் குடிக்கும் வாய்ப்பு அதிகம்.

கடந்த சில கிலோமீற்றர் நினைவில் இல்லையென்றால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். கோப்பியைக் குடித்தவுடனே 20 நிமிடம் உறங்குங்கள், கோப்பி வேலைசெய்ய ஏறத்தாழ அரை மணித்தியாலம் எடுக்கும். விழித்ததும் மந்தம் தெளியப் பத்து நிமிடமாவது பொறுங்கள்.

ஆனால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலுள்ள காட்டோரத்தில் நிறுத்த வேண்டாம், அங்கு யானைகள் வீதியைக் கடக்கும். கந்தளாய் நகரிலேயே நிறுத்துங்கள். நீங்கள் பலத்த குறட்டை விடுபவரென்றாலோ தடிமனுக்கு மாத்திரை எடுப்பவரென்றாலோ, மேற்சொன்னவை மட்டும் போதா, மருத்துவரிடம் கேளுங்கள்.