சின்னையாவின் சடவும் ‘முகஸ்துதி’யும்

அண்ணாச்சி, சடவா (மனத்தாங்கலா) இருக்கிற சின்னையாவுக்கு ‘உங்களை முகஸ்துதி செய்யவே எழுதுறேன்’னு கடிதம் போட்டு, அவர் இன்னும் சடைஞ்சிட்டார்னு கேட்டிருக்கீங்க. சடையாம என்ன செய்வார்! முகம், ஸ்துதி ரெண்டும் வடசொல். மூஞ்சிக்கு நேரே புகழுறது. காரியம் சாதிக்கப் புகழுற வாடை அதுல ஒட்டிக்கிடுச்சு. நம்ம பக்கத்துச் சபைகள்ல வாசிக்கிற பைபிள்ல 12-ஆம் சங்கீதத்து ‘இச்சக உதடுகள்’ அதே ரகம், இச்சகம்னா போலிப் புகழ்ச்சி. காக்கா பிடிக்கிறதும் அப்படித்தான். (‘கால் கை பிடி’தான் காக்கா ஆச்சுன்னு சொல்லுவாங்க, கேட்க நல்லாயிருக்கும்.)

உங்களுக்கு வேண்டிய சொல் ‘சமாதானம்’. அதுவும் வடசொல்தான், ஆனா வேர்ப்பொருள் சேர்த்து வைக்கிறது. குழையுற வாடை கிடையாது. பேச்சுல ‘சடவு தீர்க்க வந்தேன்’ போதும். இனி கடிதம் வேண்டாம், அரைக் கிலோ அல்வாவோட நேர்ல போங்க. ‘எனக்கே அல்வாவாலே’ன்னு கேட்டார்னா பாதி சடவு போயிட்டுன்னு அர்த்தம்.