மூன்று மணி வெயிலில் போய்ப் பாருங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். நீடாமங்கலத்துப் பக்கம் சொந்த ஊர், சிங்கப்பூர் வந்து நாலு வருஷம், உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் நிரந்தரவாசம் கிடைத்து ஒரு வருஷம். நாலறை வீடு ஒன்று வாங்கலாமா, இல்லை அப்பா சொல்கிறபடி அந்தக் காசை ஊரில் போட்டுப் பழைய வீட்டை இடித்துக் கட்டலாமா என்று யோசிக்கிறீர்கள். வாங்கிய பிறகு ‘அடடா, இதைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே’ என்று நான் நினைத்தவை எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்து இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இப்போது லீவில் மன்னார்குடிக்குப் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். ஐப்பசி அடைமழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. வேறு வேலையும் இல்லை.

சட்டப் பக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், இருவருக்கும் அது கிடைத்து மூன்று வருஷம் ஆனபிறகுதான் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (HDB) கட்டியதை முன்பே வாங்கிய ஒருவர் விற்கிற மறுவிற்பனை வீட்டை வாங்கலாம். 2013 ஆகஸ்ட்டில் வந்த விதி. நான் 2012இல் வாங்கியதால் எனக்கு அது இல்லை. கழகம் தரும் கடனும் உங்களுக்கு வராது, வீட்டில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். வங்கிக் கடன்தான், அதுவும் அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 75 விழுக்காடு. முத்திரைத் தீர்வையிலும் நிரந்தரவாசிகளுக்குக் கூடுதலாக 5 விழுக்காடு உண்டு. ஆக உங்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது நல்லதுதான். வீடு பார்க்கப் பழகுவதற்கே அவ்வளவு காலம் ஆகும்.

எங்கள் அப்பா நிலம் வாங்கிய கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும். கோடையில் தரகர் வந்து கூப்பிட்டால் அசைய மாட்டார். “ஐப்பசி பொறக்கட்டும்யா” என்பார். மழை நாலு நாள் அடித்து ஓய்ந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் வரப்பில் நிற்பார். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, மேல்வயல்காரர் மடையைத் திறந்தால் அது யார் வயலில் போய் நிற்கிறது, வடிகால் தூர்ந்து கிடக்கிறதா, எல்லாவற்றையும் பார்ப்பார். கோடையில் எல்லா நிலமும் ஒரே மாதிரி வெடித்துத்தான் கிடக்கும், அதில் நல்லது கெட்டது தெரியாது என்பது அவர் கணக்கு. அவருடைய பிள்ளை நான். சிங்கப்பூரில் வீடு பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.

யீஷூனில் பன்னிரண்டாம் மாடி. ஜில்லென்று காற்று. முகவர் எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தார். தலைவாசல் கிழக்கு பார்த்து இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், முடிந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முஸ்தபா கடையில் ஒரு ஜோடி செருப்பு வாங்க அரை நாள் சுற்றுகிற ஆள் நான்.

குடிபோன முதல் சனிக்கிழமை மதியம்தான் உறைத்தது. எங்களுடையது நீளவாட்டு அடுக்குமாடிக் கட்டடம், அங்கே புளோக் என்பார்கள். அதில் வாசல் பொது நடைபாதையைப் பார்த்து இருக்கும், கூடத்து ஜன்னலும் படுக்கையறை ஜன்னலும் எதிர்ப்பக்கம். வாசல் கிழக்கு என்றால் ஜன்னல் மேற்கு! இரண்டு மணிக்கு உள்ளே நுழைகிற வெயில் ஏழு மணிக்குச் சூரியன் மறையும் வரை போகாது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகைதான் வடக்கே. ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும், டிசம்பரில் கொஞ்சம் தெற்கே. அவ்வளவுதான். மேற்குச் சுவருக்கு வருஷம் முழுக்க விடுமுறை கிடையாது. காங்கிரீட் சுவர் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி பதினொரு மணிவரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். குளிர்சாதனத்துக்கு நான் கட்டிய மின்கட்டணத்தில் ஊரில் ஒரு மா நிலம் வாங்கியிருக்கலாம் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மிகைதான், ஆனால் பதில் பேச முடியாது. அங்கே வாசல் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வடக்கு தெற்காக இருந்தால் நல்லது. வாஸ்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வாஸ்து பார்க்கிறவர் அந்த வீட்டில் படுத்துத் தூங்கப் போவதில்லை.

அதனால் வீடு பிடித்தால் இரண்டாம் முறை மதியம் மூன்று மணிக்குப் போங்கள். மூன்றாம் முறை ராத்திரி ஒன்பதுக்கு மேல். கீழே பந்து விளையாடும் திடல் இருந்தால் அப்போதுதான் காதில் விழும். காப்பிக்கடை இருந்தால் சௌகரியம்தான், ஆனால் கரப்பான்பூச்சியும் சேர்ந்து வரும். எம்ஆர்டி ரயில் தடம் தரைக்கு மேலே போகிற இடமா என்றும் பாருங்கள். ஒருமுறையாவது கொட்டுகிற மழையில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் ஓரத்தில் சாரல் எவ்வளவு தூரம் வருகிறது, துணி எங்கே காய்வது என்பதெல்லாம் தெரியும். முகவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சமையலறைக்கு வருவோம். சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தோடு சேர்த்துத் திறந்துவிடுவது இப்போது மோஸ்தர். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நெத்திலிக் கருவாடு ஒரே ஒரு நாள் வறுத்துப் பாருங்கள். மூன்று நாளைக்குச் சோபா, திரைச்சீலை, பிள்ளையின் பள்ளிச் சீருடை எல்லாம் மணக்கும். நம் சமையலுக்குக் கதவு வேண்டும், வெளியே திறக்கிற ஜன்னல் வேண்டும். பழைய புளோக்குகளில் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். புதியவற்றில் அது வெளியே மின்தூக்கிப் பக்கம் போய்விட்டது. கைக்கெட்டும் தூரம் சுகம் என்று நினைத்தேன். பூச்சி மருந்துக்காரர் எங்கள் வீட்டுக்கு உறவினர் மாதிரி வந்து போனார்.

குளியலறைக்குள் போனால் தரையைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து கூரையைப் பாருங்கள். மஞ்சள் கறை இருந்தாலும் சரி, புதிதாக ஒரு இடத்தில் மட்டும் சாயம் அடித்திருந்தாலும் சரி, மேல் வீட்டிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் இருவருக்கும் உண்டு. செலவில் நீங்களும் பங்கு போட வேண்டும். இது எனக்குத் தெரிந்தபோது கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

அப்பா அம்மா வந்து தங்குவார்கள் அல்லவா? அம்மாவின் முட்டியை மனதில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மின்தூக்கி உங்கள் மாடியிலேயே நிற்கிறதா? முன்பெல்லாம் சில மாடிகளில்தான் நிற்கும். மேம்பாட்டுத் திட்டத்தில் பெரும்பாலான புளோக்குகளில் சரிசெய்துவிட்டார்கள், விட்டுப்போனவையும் சில உண்டு. கழிவறை வாசலில் முழ உயரத்துக்கு ஒரு படி இருந்தது எங்கள் வீட்டில். அம்மா வந்த மூன்றாம் நாளே அதில் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, முருகன் காப்பாற்றினான்.

இனி, கண்ணால் பார்க்க முடியாத இரண்டு. ஒன்று, குத்தகை. அந்த வீடுகள் எல்லாம் 99 வருஷக் குத்தகைதான். வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை மிச்சக் குத்தகை இருந்தால்தான் மத்திய சேமநிதிப் பணத்தை, அதாவது சம்பளத்தில் பிடிக்கிற சிபிஎஃப் சேமிப்பை, முழு வரம்புக்கு எடுக்கலாம். 1985இல் குத்தகை தொடங்கிய வீட்டுக்கு 2025இல் மிச்சம் 59 வருஷம். வீட்டம்மாவுக்கு 30 வயது என்றால் 89 வரைதான் வருகிறது. சேமநிதியிலிருந்து எடுப்பது குறையும், கைக்காசு கூடும். பழைய வீடு விசாலமாக இருக்கிறதே என்று மயங்குவதற்கு முன் இந்தக் கூட்டலைப் போடுங்கள்.

இன்னொன்று, இன ஒதுக்கீடு. 1989இலிருந்து இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியர் மற்றும் பிறர் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் பங்கு நிரம்பிய புளோக்கில், விற்கிறவரும் அதே பிரிவாக இருந்தால்தான் நீங்கள் வாங்க முடியும். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி வரம்பும் உண்டு. இதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். விற்கும் நாளை யாரும் நினைப்பதில்லை. அன்றைக்குச் சீனர் பங்கு நிரம்பியிருந்தால் சீனருக்கு உங்களால் விற்க முடியாது. வாங்க வருகிற கூட்டம் சுருங்கும், விலையும் இறங்கும். எந்த புளோக்கில் என்ன நிலவரம் என்பதைக் கழகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

சரி, ஊர் வீடு. அப்பா சொல்வதைத் தட்டவும் முடியாது, அப்படியே கேட்கவும் முடியாது, புரிகிறது.

நான் இங்கே 2010இல், அப்பாவுக்குச் சொந்தமான மனையில், அவருடைய வீடாகவே கட்டினேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், சிங்கப்பூர்க்காரன் வீடு என்று தூரத்திலிருந்தே தெரியும். முகப்பில் கண்ணாடி, மாடியில் எனக்கு ஒரு பெரிய அறை. வருஷத்தில் இருபது நாள் நான் படுக்கிற அறை அது. வருஷம் முழுக்க இங்கேயே இருக்கிற அப்பா அம்மாவுக்குக் கீழே சின்ன அறை, கழிவறை அதிலிருந்து பதினைந்தடி தள்ளி. இதை வரைந்து கொடுத்தது இஞ்சினியர், தொலைபேசியில் சரி என்று சொன்னது நான்.

கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்றடி உயரம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு இப்போது ஒரு படிதான் மிச்சம். இன்னொரு முறை போட்டால் மழைத்தண்ணீர் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐந்தடி தூக்கச் சொன்னார் கொத்தனார். படி ஏற வேண்டுமே, அழகு கெடுமே என்றேன். கொல்லையில் செடி வேண்டாம், சேறாகும் என்று முழுக்க சிமெண்ட் போட்டேன். கழிவுத் தொட்டி அதற்கு அடியில். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறினால் கழிவறையில் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே போகாது. திறந்து பார்க்க வேண்டுமென்றால் தரையைத்தான் உடைக்க வேண்டும். வடகிழக்குச் சாரல் நேரே அடிக்கிற பக்கம் பெரிய ஜன்னல், அதற்கு மேலே ஒரு சாண் சன்ஷேடு. பழைய வீட்டில் திண்ணையும் ரேழியும் எதற்கு இருந்தன என்று அந்த ஜன்னலடியில் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. ஈரக்காலோடு வருகிறவர் நிற்க ஒரு இடம், சாரல் கூடம் வரை வராமல் நிற்க ஒரு இடம்.

2018 நவம்பர் 16, கஜா புயல். கண்ணாடி போனதை விடுங்கள். மோட்டார் இருக்கிறதே என்று கொல்லையில் இருந்த அடிபம்பைக் கட்டும்போதே பிடுங்கிப் போட்டிருந்தேன். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்பா எழுபது வயதில் பக்கத்து வீட்டு அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்.

இடிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நிரந்தரவாசிகள் கழக வீடு வாங்கினால், வெளிநாட்டில் இருக்கிற தனியார் குடியிருப்புச் சொத்தை ஆறு மாதத்துக்குள் விற்றோ கைமாற்றியோ விட்டுவிட வேண்டும். பரம்பரையாக வந்த பங்கும் கணக்கில் சேரும். இன்னொருவர் பெயரில் மறைத்து வைப்பதும் ஆகாது. ஆக, இங்கே உங்கள் பெயரில் கட்டிவிட்டு அங்கேயும் வாங்கலாம் என்பது நடக்காது. பூர்வீக வீட்டுப் பத்திரத்தில் இப்போது யார் யார் பெயர் இருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் நிலைமையை எழுதிக் கழகத்திடமே பதில் வாங்குங்கள். இதில் என் பேச்சை நம்ப வேண்டாம்.

என் யோசனை, இடிக்காதீர்கள். சுவர் நன்றாக இருந்தால் ஓட்டைப் பிரித்து மாற்றுங்கள், அப்பா அம்மா படுக்கிற அறையை ஒட்டி ஒரு கழிவறை கட்டுங்கள், அடிபம்பில் கை வைக்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து யீஷூனோ செங்காங்கோ பார்க்கப் போகும்போது எழுதுங்கள். நான் ஊரில் இல்லாவிட்டால் கூடவே வருகிறேன், மூன்று மணிக்கு. இங்கே மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, கொல்லைத் தண்ணீர் வடிந்ததா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.