ஆயிரம் யார் கையில்? குழுக் கணக்கு எழுதும் அக்காவிடம் கேள்விகள்

வேலூரில் பல வருஷமாக மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறேன். அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகை, பெண்களுக்கான இலவச பஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

குடியாத்தம், பீடி சுற்றுபவர்: உரிமைத் தொகை என் கணக்கில்தான் ஏறுகிறது. ஆனால் ஏடிஎம் கார்டும் மெசேஜ் வரும் போனும் வீட்டுக்காரரிடம். இது என் பணமா அக்கா?

பாஸ்புக்கில் உங்கள் பணம். ஆனால் மாதம் 15ஆம் தேதி மெசேஜ் யார் போனில் விழுகிறதோ அவர்தான் செலவை முடிவு செய்கிறார். ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் உங்கள் நம்பரைப் பதியுங்கள். அப்புறம் பின் நம்பரை மாற்றுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் இதைச் செய்துவிட்டு, கார்டை அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தார். அடுத்த வாரம் வீட்டுக்காரர், "ஒரு நூறு ரூபா இருக்குமா?" என்று கேட்டாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அணைக்கட்டு: 2023 செப்டம்பரில் பணம் வர ஆரம்பித்ததும், "உனக்குத்தான் அரசாங்கம் கொடுக்குதே" என்று வீட்டுக்காரர் பால் காசை நிறுத்திவிட்டார்.

இந்தப் புலம்பலைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இந்தக் கையில் வந்தது அந்தக் கையில் போய்விடுகிறது. பணம் ஏறிய அன்றே ஐந்நூறைக் குழுச் சேமிப்பிலோ ஆர்டியிலோ (மாதாமாதம் கட்டும் சேமிப்புக் கணக்கு) போட்டுவிடுங்கள். கண்ணில் படாத பணத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் வராது. பால் காசு அவர் பொறுப்பு என்பதைச் சமாதானமாகவே, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

காட்பாடி, ஆண்: சம்பளம் முழுக்க வீட்டுக்கே தருகிறேன். ஆயிரத்தில் என்ன அதிகாரம் வந்துவிடும்?

தம்பி, ஆயிரத்தில் குடும்பம் நடக்காதுதான். பஸ்ஸைப் பாருங்கள். 2021 வரை பாகாயத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கவும் உங்கள் மனைவி சில்லறை கேட்டு நிற்க வேண்டும். "எதுக்கு? எப்ப வருவே?" என்பதும் அந்தக் காசோடு சேர்ந்தே வரும். இப்போது சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறிவிடலாம். கேள்வி நிற்கவில்லை, சரி. காசுக்குக் கை நீட்டுவது நின்றதா இல்லையா? அவர் போய்வந்த பிறகும் சமையல் அவர் தலையில்தான் என்பது வேறு கதை.

பேரணாம்பட்டு: ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி நான். வீடும் எனக்கா?

இல்லை. கார்டு வேறு, பத்திரம் வேறு. மனை வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே பேசுங்கள்: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அந்தச் சலுகைக்காகவாவது உங்கள் பெயரில் எழுத ஒத்துக்கொள்வார்கள். அசல் பத்திரம் மாமனார் பீரோவுக்குப் போகும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.