பழைய கணினியில் கேம்: கேட்டவர்களுக்குப் பதில்

யாங்கோனில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். பழைய பெட்டியை வைத்துக்கொண்டு கேம் ஆடுகிறவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எது குறை என்று பார்க்காமல் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

இன்செயின்: அண்ணே, மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், ராம் 4 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. டோட்டா 2 திக்கித் திக்கி ஓடுகிறது. முதலில் எதை வாங்குவது?

ராம் வாங்குங்கள் தம்பி. ஆனால் எப்படி வாங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால், எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். உங்களிடம் பெரும்பாலும் ஒரே ஸ்லாட்டில் ஒரே ராம் இருக்கும்.

தனி கார்டு இல்லாத கணினியில் படம் வரைகிற வேலையை பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் செய்கிறது. அதற்குச் சொந்த மெமரி கிடையாது, உங்கள் ராமில்தான் பங்கு எடுத்துக்கொள்ளும். டிடிஆர்3 1600 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபிதான் போய்வர முடியும். அதே மாதிரி இன்னொன்று அடுத்த சேனலில், அதாவது தனிப் பாதையில், ஏறினால் 25.6 ஜிபி. அதனால் ஒரே 8 ஜிபி ராம் போடுவதைவிட, இருக்கிற 4 ஜிபிக்கு ஜோடியாக இன்னொரு 4 ஜிபி போடுவது உங்களுக்கு மேல். வேகமும் ஒன்றாக இருக்கட்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் எந்த இரண்டு ஜோடி என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டிடிஆர்4 கொடுத்தால் வாங்காதீர்கள், உங்கள் போர்டில் ஏறாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

மோல்மின்: லேப்டாப்பில் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் நகரவே மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் மறுபடி பத்து நிமிடம் ஓடுகிறது.

சூடுதான் காரணம். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் எரிந்து போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஆடி முடித்து, தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் ‘யெஸ்’ வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வந்திருந்தால் பின் மூடியைக் கழற்றுங்கள். நிறையப் பேர் விசிறி இறக்கையைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அசல் தூசு அங்கே இல்லை. விசிறிக்கும் அதை ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துணி மாதிரி ஒரு பட்டை படிந்திருக்கும். விசிறியைத் தனியாகக் கழற்றினால்தான் அது கண்ணுக்கே தெரியும். விரலால் அப்படியே உரித்து எடுக்கலாம். காற்று அடிப்பதாக இருந்தால் விசிறி சுற்றாதபடி பிடித்துக்கொண்டு அடியுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும்.

பிராசசருக்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள். பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு அரிசி அளவு வைத்தால் போதும். அப்புறம் திருகு. ஹீட்சிங்கில் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், சிப்பின் ஓரம் உடையவும் செய்யும். திங்யான் தண்ணீர்த் திருவிழா வருவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் அறையே கொதிக்கும்போது விசிறி என்ன செய்யும்? மெத்தை மேல் வைத்து ஆடுவதையும் விடுங்கள், காற்று நுழையும் வழி அடியில்தான் இருக்கிறது.

பெகு: கேம் பூஸ்டர் எது நல்லது?

எதுவும் வேண்டாம். ராமைக் காலி செய்கிறேன் என்று வருகிற மென்பொருள் தானே பின்னணியில் உட்கார்ந்து ராமைத் தின்னும். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துங்கள், பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ் வையுங்கள். இரண்டும் விண்டோஸிலேயே இருக்கிறது.

பசுண்டான்: எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் ஏறுமா?

ஏறாது. எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சுற்றாத டிஸ்க். விண்டோஸ் சீக்கிரம் திறக்கும், மேப் சீக்கிரம் ஏறும். எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, பிராசசரும் கிராபிக்ஸும்தான் முடிவு செய்கின்றன.

இதைப் படித்துவிட்டு பெகுவிலிருந்து ஒருவர்: இல்லை அண்ணே. நான் எஸ்எஸ்டி மட்டும்தான் மாற்றினேன். 25 இருந்தது 40 ஆனது.

உடனே தட்டோனிலிருந்து இன்னொருவர்: அதெல்லாம் பிரமை. நானும் போட்டேன், ஒன்றுகூட ஏறவில்லை. காசு போனதுதான் மிச்சம்.

இருவரும் இதற்குப் பிறகு எழுதியதை இங்கே போடவில்லை, வார்த்தை தடித்துவிட்டது. இருவரிடமும் ராம் எவ்வளவு என்று கேட்டேன். பெகு தம்பியிடம் 4 ஜிபி, தட்டோன் தம்பியிடம் 8 ஜிபி. விடை அதிலேயே இருக்கிறது.

ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். ஹார்டு டிஸ்க்கில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், தகடு சுற்றிவந்து அந்த இடம் முள்ளுக்கு அடியில் வர வேண்டும். 7200 சுற்று டிஸ்க்கில் இதற்கு ஏறத்தாழ 13 மில்லிநொடி ஆகும். லேப்டாப்பில் இருக்கும் 5400 சுற்று டிஸ்க்கில் இன்னும் அதிகம். நொடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரமே 16.7 மில்லிநொடிதான். ஒரே ஒரு முறை டிஸ்க்கைத் தொட்டாலே ஒரு படத்தின் நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது, நிரம்பி வழிகிற கணினி நூறு முறை தொடும். எஸ்எஸ்டியில் அதே வேலை 0.1 மில்லிநொடி அளவில் முடிகிறது.

ஆக, பெகு தம்பியின் கணினி அரை நொடி, ஒரு நொடி என்று அடிக்கடி உறைந்து நின்றது. உறைந்த நேரத்தையும் சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள், அதனால் 25 காட்டியது. உறைவது போனதும் 40. அந்த 40 அவருடைய கிராபிக்ஸுக்கு முன்பே இருந்த பலம். தட்டோன் தம்பிக்கு ராம் நிரம்பவே இல்லை, அதனால் ஏற ஒன்றும் இல்லை.

பெகு மறுபடியும்: அப்படியானால் நான் எஸ்எஸ்டி வாங்கியது சரிதானே?

உங்கள் கணினிக்கு உதவியது, உண்மை. ஆனால் அதே காசில் ராம் போட்டிருந்தால் வழிகிற தண்ணீரே நின்றிருக்கும். இப்போது எஸ்எஸ்டி அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு ஆடுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ராம். மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100இல் ஒட்டிக்கொண்டு நின்றால் எஸ்எஸ்டி. இரண்டும் சும்மா இருந்தால் இந்தச் சண்டையில் உங்களுக்கு வேலை இல்லை, பிராசசரையும் கிராபிக்ஸையும் பாருங்கள். இதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மாண்டலே: எஃப்பிஎஸ் 60 காட்டுகிறது, ஆனாலும் ஆள் தாவித் தாவிப் போகிறான்.

அது இணையம். டோட்டாவின் தென்கிழக்கு ஆசிய சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அதுவரை போய்வருகிற நேரம்தான் பிங். ராம் போட்டாலும் கார்டு போட்டாலும் அது குறையாது. முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் ஆடுங்கள்.

யாங்கோன்: முன்பு சிஎஸ்:ஜிஓ (கவுன்டர் ஸ்ட்ரைக்) நன்றாக ஓடியது. இப்போது அதே கணினியில் ஓடவில்லை. வைரஸா?

வைரஸ் இல்லை. 2023 செப்டம்பர் 27ஆம் தேதி அந்த கேமின் இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்துவிட்டது. என்ஜினே வேறு, வேலை அதிகம். ரெசல்யூஷனை 1920க்கு 1080இலிருந்து 1280க்கு 720 ஆக்கிப் பாருங்கள். 20 லட்சத்துக்கு மேல் இருந்த புள்ளிகள் 9 லட்சத்துச் சொச்சமாக இறங்கிவிடும், அதாவது பாதிக்கும் குறைவு. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸில். அசையாமல் நின்றால் தடை பிராசசரில், எந்தக் கார்டு வாங்கினாலும் அப்படியேதான் நிற்கும். இந்தச் சோதனைக்கு ஒரு கியாட்கூடச் செலவில்லை.

அடுத்து நிழலைக் குறையுங்கள், ஓரங்களை வழவழப்பாக்கும் ஆன்டி அலியாசிங்கை நிறுத்துங்கள். பொருள்களின் மேல் ஒட்டுகிற படமான டெக்ஸ்சரைக் கடைசியில் தொடுங்கள். கார்டு மெமரி போதுமென்றால் அது வேகத்தைப் பெரிதாகக் குறைக்காது.

யாங்கோன்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பணம் கொடுக்கும் முன் அதை ஒரு கணினியில் போட்டு ஜிபியு-இசட் மென்பொருளில் பாருங்கள். 2010, 2011இல் வந்த பழைய சிப்புக்கு, கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்கிறார்கள். விண்டோஸ் ஏமாந்துவிடும். ஜிபியு-இசட் போலி என்றே எழுதிக் காட்டும். உண்மையான 1050 டிஐயில் சிப் ஜிபி107, ஷேடர் என்று காட்டும் எண் 768. மானிட்டருக்கான பழைய நீல விஜிஏ துளை அந்தக் கார்டில் இருந்தாலே சந்தேகப்படுங்கள், அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏ வெளியீடு கிடையாது.

உண்மையானது கிடைத்தால் பழைய கணினிக்கு நல்ல கார்டு. 75 வாட் போதும், அதை ஸ்லாட்டே கொடுத்துவிடும். 750 டிஐ என்றால் 60 வாட்.

மூன்று பேர், மூன்று ஊர், ஒரே கேள்வி: கேம் லேக் ஆகிறது, என்ன செய்வது?

என்ன பிராசசர், எவ்வளவு ராம், எந்த கேம், எப்போது திக்குகிறது, எதுவுமே எழுதவில்லை. மேலே இன்செயினுக்கும் மோல்மினுக்கும் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

தன்லின்: இன்னொரு பூஸ்டர் இருக்கிறது, விளம்பரத்தில்…

வேண்டாம். பெகுவுக்குச் சொன்னதுதான்.

தன்லின், வேறொருவர்: ராத்திரி வோல்டேஜ் இறங்கும்போது கேம் நடுவில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. பவர் சப்ளையின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. அதை 115க்குத் தள்ளினால் சரியாகுமா?

கை வைக்காதீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். 115இல் இருக்கும்போது கரண்ட் ஒழுங்காகத் திரும்பி வந்தால் அந்த நொடியே உள்ளே வெடிக்கும். போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். நம் ஊர் 230, அது எப்போதும் 230இலேயே இருக்கட்டும்.

கேம் ஓடும்போதுதான் கணினி அதிகமாகக் கரண்ட் இழுக்கிறது. அதனால்தான் பாட்டுக் கேட்கும்போது தாங்குகிறது, ஆடும்போது விழுகிறது. ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். பவர் சப்ளையை மாற்றுகிற வசதி இருந்தால் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அதில் சிவப்பு சுவிட்சே இருக்காது. கரண்ட் அடிக்கடி போகும் தெரு என்றால் யுபிஎஸ்ஸும் வேண்டும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கேம் மட்டுமில்லை, விண்டோஸே கெடும்.

இன்செயின்: விண்டோஸ் 7இல் ஸ்டீம் வருமா?

வராது. கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7க்கு ஆதரவு தருவதில்லை.

மோல்மின்: போனில் கேம் சூடாகிறது…

போன் என் வேலை இல்லை. போன் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

தட்டோன், ஒரு அக்கா: பையன் புதுக் கணினி கேட்கிறான். இருப்பது பழையது, ஆனால் அவன் பாடமும் அதில்தான் படிக்கிறான். புதிது வாங்கத்தான் வேண்டுமா தம்பி?

இப்போதைக்கு வேண்டாம் அக்கா. முதலில் தூசு எடுத்து பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். ராம் 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் ஜோடி போடுங்கள், ஹார்டு டிஸ்க் என்றால் அடுத்து எஸ்எஸ்டி. பாடத்துக்கு இதுவே தாராளம், கேமும் ஓரளவு ஓடும். இவ்வளவும் செய்த பிறகு 720 சோதனையில் கிராபிக்ஸ்தான் தடை என்று வந்தால் ஒரு கார்டு வாங்கலாம். பெட்டியைத் திறந்து பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கார்டு தாங்கும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.