உச்சம் வருகிறது, விந்து வரவில்லை: தீர்ந்துபோய்விட்டதா?

கேள்வி: எனக்கு 36 வயது. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக சுகர். ஆறு மாதமாக உறவின்போது உச்சம் வருகிறது, ஆனால் ஒரு சொட்டு விந்துகூட வெளியே வருவதில்லை. விறைப்பில் குறை இல்லை. தர்மபுரியில் லாட்ஜில் தங்கிப் பார்க்கும் ஒரு வைத்தியர், "சின்ன வயசுத் தப்பு, விந்து வத்திப்போச்சு" என்று 12,000 ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். பலனில்லை. இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கிறோம். மனைவி என்மீது சந்தேகப்படுகிறாள்.

பதில்: அந்த லேகியத்தை இன்றே நிறுத்துங்கள். சுய இன்பத்தால் விந்து தீர்ந்துபோவதில்லை. விந்தணு தினமும் உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், விந்து வழிமாறிப் போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். சிறுநீர்ப்பையின் வாயில் ஒரு தசை இருக்கிறது. விந்து வரும் நொடியில் அது இறுகி மூடிக்கொள்ளும். மடையை அடைக்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகுமே, அதுபோல அந்தத் தசை மூடாவிட்டால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அப்புறம் சிறுநீரோடு கலந்து வெளியேறும். உறவுக்குப் பின் சிறுநீர் கலங்கலாகப் போகிறதா என்று கவனியுங்கள். இதனால் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. குழந்தை நிற்பதுதான் சிக்கலாகிறது.

பல வருட சுகர் அந்தத் தசைக்குப் போகும் நரம்பைப் பாதித்திருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள்: கல்லடைப்புக்கு டாம்சுலோசின், சிலோடோசின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அவையும் இப்படிச் செய்யும். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் எளிமையானது. சிறுநீர் கழித்துவிட்டு, உச்சம் அடைந்ததும் அடுத்து வரும் சிறுநீரை டப்பாவில் பிடித்து உடனே லேபில் கொடுக்க வேண்டும். காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒருவர், "என் உடம்புல எதுவும் இல்ல சார்" என்று தலை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். டெஸ்ட் எடுத்ததும் அவரையே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். வாலோடு நிறைய விந்தணு. கண்ணை எடுக்கவே மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுநீரில் விந்தணு இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும்: நரம்பு முழுவதும் வேலை செய்யாமல் போயிருக்கலாம், அல்லது விந்து வரும் குழாயில் அடைப்பு இருக்கலாம். அதற்கு ஸ்கேன் தேவைப்படும்.

சிகிச்சைக்கு வருவோம். தசையை இறுக்க சூடோஎபெட்ரின், இமிப்ரமின் போன்ற மாத்திரைகள் உண்டு. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. பிபி, இதயப் படபடப்பு கூடலாம் என்பதால் நீங்களாக மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடக் கூடாது; யூராலஜி டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மாத்திரை கேட்காவிட்டாலும் வழி இருக்கிறது. சிறுநீரின் அமிலத்தில் விந்தணு செத்துவிடும் என்பதால், சோடியம் பைகார்பனேட் கொடுத்து அமிலத்தைக் குறைத்து, சிறுநீரிலிருந்தே விந்தணுவைப் பிரித்துக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் டெஸ்ட் டியூப் முறை. சேலத்திலும் பெங்களூரிலும் இதற்கான மையங்கள் இருக்கின்றன.

சுகரைக் கட்டுப்படுத்தினால் கெட்ட நரம்பு முழுவதும் திரும்பிவிடும் என்று உறுதி தர முடியாது. ஆனால் மேலும் கெடாமல் காக்கும். "களிதானே சாப்பிடுறேன், எப்படி ஏறும்?" என்று நம் பக்கத்தில் தினமும் கேட்கிறார்கள். ராகியும் மாவுச்சத்துதான், இரண்டு உருண்டை வைத்தால் ஏறத்தான் செய்யும். ஒன்றோடு நிறுத்தி, கீரையும் காயும் கூட்டிக்கொள்ளுங்கள். சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்டில் 7 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது பெரும்பாலானோருக்கு நல்லது. அந்த டெஸ்டை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். மனைவியையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும். சிறுநீரில் விந்தணு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், அதை முதலில் அவர் கையில் கொடுங்கள்.