சொந்த ஜாஸ் குழு: பியானோ வேண்டுமா?

பல வருஷம் மற்றவர்கள் குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு இப்போது சொந்தக் குழு தொடங்குகிறீர்கள். ஒத்திகையில் பியானோவும் உங்கள் கிட்டாரும் முட்டிக்கொள்கின்றன என்கிறீர்கள். என் கருத்து: முதல் கச்சேரிக்குப் பியானோ வேண்டாம். இரண்டுமே கார்டு (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிக்கும் கருவிகள், ஒரே இடத்துக்குப் போட்டி போடும்.

ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மான்ட்கோமரி 1959-இல் ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தன் மூவர் குழுவுடன் பதிவு செய்தபோது கூட இருந்தவர்கள் ஆர்கனில் மெல்வின் ரைன், டிரம்ஸில் பால் பார்க்கர், அவ்வளவுதான். பேஸ் (bass, கீழ் ஸ்வரங்கள்) பகுதியை ஆர்கனே பார்த்துக்கொண்டது. இன்னொரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் பாட் மெத்தனியும் 1975-இல் முதல் ஆல்பத்தை பேஸ், டிரம்ஸை மட்டும் வைத்துத்தான் பதிவு செய்தார்.

உங்கள் சோலோவின்போது பின்னால் கார்டு இருக்காதே என்று பயப்படாதீர்கள். தாராளமாக இடைவெளி விடுங்கள். அங்கங்கே இரண்டு மூன்று ஸ்வரங்களில் கார்டைக் காட்டினால் போதும், மீதியைக் கேட்பவர் காது நிரப்பிக்கொள்ளும்.

அப்புறம், ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிப் பாட்டை ஆரம்பித்துவைப்பது இனி உங்கள் வேலை. பதற்றத்தில் வேகம் கூடிவிடும். மெலடியை மனதுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு எண்ணுங்கள். முடிப்பதற்கான சைகையையும் முன்பே பேசிவையுங்கள்.

பியானோ நண்பரிடம் இந்த முடிவை நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். வேறு யார் மூலமும் அவருக்குத் தெரியவரக் கூடாது.