புதிய வகுப்பில் சேரலாமா?

கேள்வி: நான் பி.காம். படித்தவள், வயது 38. ஆறு மாதமாக இணையத்தில் வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. நானாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. பணம் கட்டி வேறு வகுப்பில் சேரலாமா? எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, மகளுக்குத் தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்துக் கொடுப்பது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள், சகோதரி. பாடம் கேட்டது போதும். முடித்தே தீர வேண்டும் என்று தோன்றுகிற வேலை ஒன்றுதான் இன்னும் கைக்கு வரவில்லை. அதையும் போகிற போக்கில் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். கோலப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும், புள்ளி வைக்காமல் கை பழகாது.

முழுப் புதிரையும் கணினியே அமைக்க வேண்டும் என்று தொடங்க வேண்டாம். அது தேர்ந்தவர்களையே திணறடிக்கும். ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக நூறு சொற்களை அடித்து வையுங்கள். அவற்றில் மூன்றெழுத்துச் சொற்களை மட்டும் பொறுக்கித் தரும் நிரலை எழுதுங்கள். பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

ஓட்டிப் பார்த்தால் பட்டியலில் 'அணி' வந்து நிற்கும், 'தமிழ்' வராது. நீளம் சொல்லும் 'லென்' கட்டளையிடம் கேட்டால் 'தமிழ்' ஐந்து என்று காட்டும். யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. பைத்தான் அவற்றைத்தான் எண்ணுகிறது. புள்ளியோ துணைக்குறியோ வந்தால் எண்ணாமல் தாண்டு என்று நீங்கள்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். 'ஃபார்', 'இஃப்' கட்டளைகள் எல்லாம் எதற்கு என்பது அந்த இடத்தில் பதிவதுபோல் எந்த வீடியோவிலும் பதியாது. அதைச் சரிசெய்த பிறகும் 'பக்ஷி' மூன்றெழுத்து என்று வரும். க்ஷ ஓரெழுத்தா, இரண்டா? உங்கள் புதிருக்கு எது பொருந்துமோ அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

பிழைச் செய்தி நீளமாக வந்தால் மிரளாதீர்கள். கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன கோளாறு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அந்த வரிக்குப் பொருள் கேளுங்கள். நிரலை எழுதித் தரச் சொன்னால் மறுபடி வேடிக்கை பார்ப்பவராகிவிடுவீர்கள்.

பொழுதுபோக்குதானே என்று தயங்க வேண்டாம். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலைதான் இந்தப் பைத்தான். 1991இல் அதை வெளியிட்டார்.

இது முடிந்ததும், இரண்டு சொற்கள் எந்த எழுத்தில் ஒன்றையொன்று வெட்டும் என்று கண்டுபிடிக்க முயலுங்கள். அது கொஞ்சம் கடினம். எங்காவது சிக்கினால், அதுவரை எழுதிய நிரலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். வகுப்பு தேவையா என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.